உடன்வாரல்: நெகிழியோடு அள்ளப்படும் உயிரிகளுக்கு ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். நீர்நிலைகளில் நெகிழியை அகற்றும் கருவிகளுக்குள் உயிரினங்களும் சேர்ந்து சிக்குவதைக் குறிக்கப் 'பக்கவிளைவு' என்ற சொல்லே போதும் என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. கருவியை இழுக்கும் கப்பலின் புகையும், கரையோரச் செடிகள் மிதிபடுவதும், நண்டும் இறாலும் மடிவதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், எண்ணிச் சொல்ல வேண்டிய இறப்பு எண்ணப்படாமலே போய்விடும்.

எண்ண முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. மேற்பரப்பு நீரை உறிஞ்சிக் குப்பையைப் பையில் தேக்கும் 'சீபின்' என்னும் தொட்டியை இங்கிலாந்தின் பிளிமத்தில் ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவின்படி, சராசரியாக 3.6 குப்பைப் பொருளுக்கு ஓர் உயிரி வீதம் உள்ளே வந்தது. வெளியே எடுத்தபோது அவற்றுள் பாதிக்கு மேல் இறந்திருந்தன.

நடுக்கடலில் சிக்கல் இன்னும் நுட்பமானது. கடல் நெகிழியை அகற்றும் 'தி ஓஷன் கிளீனப்' நிறுவனம் வலையிழுத்துவந்த வட பசிபிக் சுழலில் (நீரோட்டம் வட்டமிடும் பெரும் கடற்பரப்பில்), நெகிழியைக் கொண்டுவந்து சேர்க்கும் அதே நீரோட்டமே, நீந்தும் ஆற்றலற்று நீரின் மேற்பரப்பில் மிதந்து வாழும், சொறிமீனுக்கு உறவான வெலெல்லாவையும், நுரைக்குமிழ்களைத் தெப்பமாக்கித் தொங்கும் ஊதா நத்தையையும் அங்கே குவிக்கிறது. 2019இல் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 2023இல் வெளியான ஆய்வொன்று, அச்சுழலின் நடுவில் இவ்வுயிரிகள் செறிந்திருப்பதைக் காட்டியது. மீன் தப்பிக்க வலையில் வழி வைக்கலாம். தானாக நகர இயலாத உயிரிக்கு அந்த வழியால் என்ன பயன்?

குறிவைக்காத உயிரிகளும் மீன்வலையில் சிக்குவதற்கு மீன்வளத் துறையில் வழங்கும் 'துணைப்பிடிப்பு', 'உடன்பிடிப்பு' ஆகியவை நல்ல சொற்களே. ஆனால் பிடிப்பு என்றால் மீன்பிடிப்பே நினைவுக்கு வரும். இங்கே மீன் பிடிப்பவர் எவரும் இல்லை. மதிப்புக் குறைந்த சிறு மீன்களை நம் மீனவர் சொல்லும் 'கழிசல்' இதற்குச் சற்றும் பொருந்தாது. இழுவைமடியில் வரும் கழிசலுக்கு மீன்தூள் ஆலைகளில் விலை உண்டு, இவ்வுயிரிகளோ குப்பையோடு குப்பையாகவே போகின்றன.

ஆகவே 'உடன்வாரல்' என்னும் சொல்லை முன்வைக்கிறேன். குப்பையை வாருவது என்பது நம் அன்றாடப் பேச்சு. அதனோடு சேர்த்து வாரப்படுவது உடன்வாரல். உடன்வாரல் வீதம், உடன்வாரல் இறப்பு, உடன்வாரப்பட்ட உயிரிகள் என்று தடையின்றிக் கிளைக்கவும் செய்யும். கருவியை நிறுவும் மாநகராட்சி, அகற்றிய குப்பையின் எடைக்கு அருகிலேயே உடன்வாரல் வீதத்தையும் எழுதும்படி கேட்க இச்சொல் உதவும் என்பதே என் முதன்மையான நோக்கம்.

'வரால்' மீனோடு ஒலி மயங்கும் என்று சிலர் கருதக்கூடும். 'உடன்' என்ற முன்னொட்டு அம்மயக்கத்தைத் தவிர்க்கும் என நினைக்கிறேன். போதாது என்றால் 'உடன்வாருகை' எனக் கொள்ளலாம். மேற்பரப்பில் மிதந்து வாழும் உயிரிகளுக்கு 'நீர்முக உயிரிகள்' என்பது பொருந்துமா என்பதையும், கடலுயிரியல் பயின்றவர்கள் சொற்பட்டியல் முடிவாவதற்கு முன் தெரிவிக்க வேண்டுகிறேன்.