விடிய 5 மணி, மூன்றாம் தடவை: ஸ்டார்ஷிப்புக்குக் கண்விழித்தவர்கள் எழுதுங்கள்

கொக்குவில் விறாந்தை:

இன்று செவ்வாய், 2025 ஓகஸ்ட் 26. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் டெக்சாஸில் இருந்து ஏவும் ஸ்டார்ஷிப் ரொக்கெட்டைப் பார்க்க, நேற்றும் இன்றும் விடிய நாலரைக்கு எழும்பியாயிற்று. இரண்டு நாளும் வெறுங்கை. நாளைக்கும் எழும்பத்தான் போகிறேன்.

டெக்சாஸில் பின்னேரம் ஆறரை என்றால் எங்களுக்கு விடிய 5 மணி. நேற்று நானும் மகனும் விறாந்தையில் இரண்டு கதிரையைப் போட்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தோம். ஸ்கொலசிப் சோதனைக்குப் படிக்க விடிய எழும்பாத பெடியன், இதற்கு அலாரம் அடிக்க முதலே எழும்பிவிட்டான். வெள்ளைப் புகை கசியக் கசிய அது நிற்கிறது. நுளம்பு கடிக்கிறது. ஏவுதளப் பக்கத்தில் ஏதோ கோளாறு, இன்றைக்கு இல்லை என்று அறிவித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, தரையில் உள்ள திரவ ஒட்சிசன் குழாயில் கசிவாம்.

இன்று விடிய இன்னும் மோசம். எரிபொருளெல்லாம் நிரப்பி முடிந்து, கடிகாரம் 40 செக்கனில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். கடைசியில் வானிலை சரியில்லை என்று கைவிட்டார்கள். மகன் திரையைப் பார்த்துவிட்டு, "மழையே பெய்யேல்லையே அப்பா" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அதற்குள் அம்மா முற்றம் கூட்ட வந்துவிட்டார். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு இருக்கிறவர். அங்கே பூசை மணி கேட்டால் கடிகாரத்தைத் திருத்தி வைக்கலாம். 25 நாளும் அந்த ஒழுங்கைப் பார்த்து வந்தவருக்கு இது பொறுக்கவில்லை. "உவங்களுக்கு நேரகாலம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டு விளக்குமாற்றோடு போய்விட்டார்.

சரி, நீங்கள் எல்லாரும் எப்படிக் காத்திருந்தீர்கள்? இது பத்தாவது பறப்பு. முந்திய ஒன்பதில் ஏதாவது ஒன்றிலாவது அகப்பட்டிருப்பீர்கள்.

பென்சன் ரீச்சர் (பௌதிகம்):

முதலில் மகனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. மழை பெய்யத் தேவையில்லை. இடிமேகம் வளர்ந்து உச்சிக்குப் போனதும், மேல்பக்கம் கொல்லன் பட்டடை மாதிரித் தட்டையாக விரியும். அந்த விரிப்புக்குள் மின்னேற்றம் கிடக்கும். 123 மீற்றர் உயர உலோகக் குழாய் ஒன்று, அடியில் நீளமாகத் தீயும் புகையும் இழுத்துக்கொண்டு அதற்குள் போனால், மேகத்துக்கும் நிலத்துக்கும் கம்பி கட்டிக் கொடுத்த மாதிரி. இல்லாத மின்னலையும் அதுவே வரவழைக்கும். 1969இல் அப்பலோ 12 புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் இரண்டு தடவை மின்னல் அடித்தது. ஆட்கள் தப்பியது தெய்வாதீனம். ஆகவே நிறுத்தியது சரி. கொட்டாவி விட்டபடி நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் கோபம் வந்தது, அது வேறு கதை.

என்னுடைய அனுபவம் முதலாவது பறப்பு. 2023 ஏப்ரல் 17 திங்கள், புதுவருசப் பலகாரம் இன்னும் ரின்னில் கிடந்தது. வால்வு ஒன்று உறைந்துபோய்விட்டது என்று அன்றைக்கு நிறுத்தினார்கள். 20ஆம் திகதி வியாழன் இரவு 7:03க்குக் கிளம்பியது. 33 எஞ்சினில் மூன்று கிளம்பும்போதே வேலை செய்யவில்லை. ஏவுதளத்துக் கொங்கிறீற்றைக் கிண்டிக் கல்லுக் கல்லாக எறிந்துவிட்டு மேலே போய், நாலு நிமிடத்தில் குத்துக்கரணம் அடித்து வெடித்தது.

நான் போனில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். பக்கத்து அறையில் என் அம்மா, எண்பது வயது தாண்டியவர், படுத்திருந்தார். அந்த அதிர்ச்சிச் சத்தம் கேட்டு எழும்பி உட்கார்ந்து, "எங்கை விழுந்தது பிள்ளை?" என்றார்.

90களில் இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யுத்தத்தால் கரண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவில் றேடியோ. சத்தத்தை வைத்தே அது ஹெலியா, பொம்மரா, சகடை விமானமா என்று சொல்லுகிற காது அம்மாவுக்கு. ரொக்கெட் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு அர்த்தம்தான் அப்போது. "கடலுக்கை விழுந்தது அம்மா, அமெரிக்காவிலை" என்றேன். "ஆருக்கும் ஒண்டும் இல்லைத்தானே?" "ஆக்களே இல்லை அம்மா, சும்மா சோதிச்சுப் பாக்கினம்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சும்மா சோதிக்கிறதுக்கோ இவ்வளவு சத்தம்" என்று திரும்பப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் இயர்போன் போட்டுத்தான் பார்க்கிறேன்.

அலாரம் மன்னன்:

ஆறாவது பறப்பு, 2024 நவம்பர் 20, எங்கள் நேரம் விடிய 3:30. நான் பிற்பகல் 3:30க்கு அலாரம் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். வேறு ஒன்றும் சொல்ல இல்லை.

திருநெல்வேலிச் சந்திக் கடை:

எனக்கு நாலாவது. 2024 யூன் 6, பின்னேரம் 6:20. கடையில் கூட்டமான நேரம், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்திருந்தேன். ஏறினதை ஒருவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து இந்து சமுத்திரத்துக்கு மேல் இறங்கும்போதுதான் கூத்து. சுற்றிவர ஊதாவும் செம்மஞ்சளுமாக நெருப்பு. செட்டை ஒன்று ஓரத்தில் இருந்து உருகி, தகடு தகடாகப் பறக்கிறது. பாண் வாங்க வந்த ஐயா ஒருவர், "செட்டை எரியுதடா தம்பி, முடிஞ்சுது" என்றார். கமராக் கண்ணாடியும் வெடித்து, பாதிப் படம் மறைந்துவிட்டது. ஆனால் அந்த அரைகுறைச் செட்டை கடைசி நேரத்தில் அசைந்து கொடுத்தது பாருங்கள்! ரொக்கெட்டின் மேல்பகுதி நிமிர்ந்து மெதுவாகக் கடலில் இறங்கியது. ஐயா மிச்சக் காசு வாங்காமலே போய்விட்டார். அடுத்த நாள் வந்து கேட்டார், கொடுத்தேன்.

அதே ஐயாதான் ஒக்ரோபர் 13 ஞாயிற்றுக்கிழமை, ரொக்கெட்டின் கீழ்ப்பகுதி திரும்பி வந்து ஏவுதளக் கோபுரத்தின் இரண்டு கைக்குள் நின்றபோதும் கடையில் நின்றார். 71 மீற்றர் நீளச் சாமான் அது. எல்லாரும் கத்துகிறோம், அவர் மட்டும் அமைதியாக, "மாட்டு வண்டிலைப் பின்பக்கமாக் கொட்டிலுக்கை விடுற மாதிரி எல்லோ விடுறான்" என்றார். அதைவிடச் சரியாக ஒருவர் சொல்லி நான் கேட்கவில்லை. நாளைக்குப் பிடிக்கப் போவதில்லையாம், கடலில்தான் இறக்குகிறார்களாம். ஐயாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

வல்வைப் பட்டம்:

விண் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது பட்டத்து விண்தான். வில்லில் நாடாவை இழுத்துக் கட்டி, பட்டத்தின் தலையில் பூட்டுவோமே, அது. நல்லாகப் பூட்டினால் ஊர் முழுக்கக் கேட்கும். இரவு பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டு, அந்தக் கூவலைக் கேட்டுக்கொண்டே நித்திரை கொள்ளுவோம். சத்தம் மாறினால் நித்திரையிலேயே தெரியும், காற்று விழுகிறது என்று.

தைப்பொங்கலுக்கு எங்கள் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப்போட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதக்கணக்காகக் கட்டிய பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மணலில் வைத்துவிட்டு நிற்போம். சனம் கேட்கும், ஏன் இன்னும் ஏத்தவில்லை என்று. பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சையை ஒரு விரற்கடை கூட்டிக் குறைத்துக் கட்டிக்கொண்டு, காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒருமுறை நான் சனத்தின் வாய்க்காக அவசரப்பட்டு ஏத்தினேன். வாடைக்காற்று ஒரு குத்துக் குத்தியது, மூங்கில் முறிந்து கடலுக்குள் போய்விட்டது. இரண்டு மாத வேலை. அதற்குப் பிறகு ஆரும் நிறுத்தினால் நான் பேசுவதில்லை.

இன்னொன்று. ஏத்துவதைக் காட்டிலும் இறக்குவதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. நூலைச் சுத்திச் சுத்தி, கைக்குக் கிட்ட வரும்போதுதான் பட்டம் குழப்படி செய்யும். அந்த நேரம் நாலு பேர் கையை உயர்த்திக்கொண்டு ஓடுவார்கள். உவங்கள் கோபுரத்துக்குக் கை வைத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கும் பட்டம் முழுசாகக் கைக்கு வந்தால்தான் அடுத்த வருசம் ஏத்தலாம்.

பென்சன் ரீச்சர்:

வல்வைத் தம்பி சொன்னது அச்சொட்டு. இந்த வருசம் ஏழாவதிலும் எட்டாவதிலும் கீழ்ப்பகுதியைக் கோபுரம் பிடித்துவிட்டது, மேல்பகுதிதான் வழியில் போய்விட்டது. ஒன்பதாவதில், மே மாதம், ஒருமுறை பறந்த கீழ்ப்பகுதியையே திரும்பப் பறக்கவிட்டார்கள். மேல்பகுதி விண்வெளிக்குப் போயும் கட்டுப்பாட்டை இழந்தது. யூனில் இன்னொரு மேல்பகுதி சோதனை மேடையிலேயே வெடித்தது. ஆகவே நாளைக்கு நான் பார்க்கப் போவது மேலே உள்ளதைத்தான். எட்டுப் போலிச் செய்மதிகளை வெளியே தள்ள வேண்டும், எஞ்சினை விண்வெளியில் ஒருமுறை மூட்டிப் பார்க்க வேண்டும், பிறகு சூடு தாங்கி இறங்க வேண்டும். பெரிய பாடத்திட்டம்.

அலாரம் மன்னன்:

ரீச்சர், விடிய எனக்கு ஒரு மிஸ்கோல் தருவீங்களோ?

கொக்குவில் விறாந்தை:

ரீச்சர், பட்டடை மேகத்தை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். கொப்பியில் படம் கீறி வைத்திருக்கிறான், மேகத்துக்குக் கீழே ரொக்கெட், அதற்குக் கீழே அப்பம்மா விளக்குமாற்றோடு.

இப்போது இரவு பத்து மணி. இரண்டு கதிரையையும் விறாந்தையில் போட்டுவிட்டான். நுளம்புத் திரியும் செம்பும் பக்கத்தில். அம்மா தனக்கும் ஒரு கதிரை போடச் சொல்லியிருக்கிறார்.