வயதானால் நாத்திகர் கோயில் வாசலுக்குத் திரும்புகிறாரா?

கீழவீதி

இருபதில் கறுப்புச் சட்டை, அறுபதில் திருநீறு. ஊர்ப்பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2018-ல் 106 நாடுகளின் தரவை ஒப்பிட்டுப் பார்த்தது. "மதம் என் வாழ்வில் மிக முக்கியம்" என்று சொல்வோரின் விகிதம், 40 வயதைத் தாண்டியவர்களைவிட இளையவர்களிடம் தெளிவாகக் குறைந்திருந்த நாடுகள் 46. நிலைமை தலைகீழாக இருந்தவை ஜார்ஜியா, கானா என்ற இரண்டே நாடுகள். பெயர் சொல்லியும் காட்டலாம். அரை நூற்றாண்டு நாத்திகம் பேசிய பிரிட்டிஷ் தத்துவப் பேராசிரியர் ஆன்டனி ஃப்ளூ, 2004-ல் தம் 81-வது வயதில் படைத்தவன் ஒருவன் உண்டு என்றார். நம் பக்கத்தில் கண்ணதாசன். வாழ்க்கை ஒருவனை நெடுங்காலம் உரசிய பிறகு வரும் அறிவை, ஆய்வகத்தில் வரும் அறிவுக்குக் கீழே வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈரோட்டுத் தறி

கீழவீதி ஐயா, நீங்கள் சொன்ன இரண்டு பெயரையுமே எடுத்துக்கொள்வோம். கண்ணதாசன் பிறந்தது 1927, தி.மு.க.வை விட்டு விலகியது 1961. ஆத்திகத்தின் பக்கம் அவர் நகர்ந்தபோது முதுமை எங்கே இருந்தது? காலமானபோதே அவருக்கு வயது 54. ஃப்ளூ ஏற்றுக்கொண்டது உலகைத் தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒரு மூலகாரணத்தை மட்டும். வேண்டுதலைக் கேட்கும் கடவுளையும் அவர் ஏற்கவில்லை, மறுமையையும் ஏற்கவில்லை.

எதிர்ப்பக்கப் பட்டியல் நீளம். பெரியார் 1973 டிசம்பர் 19-ல் தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார், ஐந்தாம் நாள் மறைந்தார், வயது 94. கொள்கையில் ஒரு சொல்கூட மாறவில்லை. ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 97 வயதுவரை அப்படியே இருந்தார். 1776-ல் சாகக் கிடந்த ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமிடம் எழுத்தாளர் பாஸ்வெல் போய், "இல்லாமல் போய்விடுவோம் என்பது உறுத்தவில்லையா?" என்று கேட்டார். பிறப்பதற்கு முன் இல்லாமல் இருந்தது எந்த அளவு உறுத்துகிறதோ அந்த அளவுதான் என்ற பொருளில் பதில் வந்தது. டார்வின் கடைசியில் மனம் திருந்தினார் என்ற கதையை லேடி ஹோப் என்ற மதப் பிரசாரகர் பரப்பியது 1915-ல், டார்வின் இறந்து 33 ஆண்டு கழித்து. கடைசி நேரத்தில் அருகிலிருந்த டார்வினின் மகள் ஹென்ரியட்டா 1922-ல் அதை வெளிப்படையாக மறுத்தார். மனமாற்றக் கதைகள் பலவும் இப்படி ஆள் போன பிறகு பிறப்பவை.

முதியவர்களிடம் பக்தி கூடுவதாகவே வைத்துக்கொண்டாலும் காரணம் வேறு. ஆராயும் திறன் தளர்கிறது, அவ்வளவுதான். ரோதானின் 'சிந்தனையாளர்' சிலைப் படத்தைக் காட்டி யோசிக்க வைத்தாலே கடவுள் நம்பிக்கை குறைகிறது என்று 2012-ல் ஆய்வு வந்தது.

எண்சுவடி

இரண்டு பேரும் பெயர்களை அடுக்குகிறீர்கள். அது ஓய்வதில்லை, ஆளுக்கு ஆள் இருப்பார்கள். கணக்குக்கு வருவோம்.

கீழவீதி ஐயா காட்டிய 106 நாட்டுத் தரவு, ஒரே காலத்தில் இளையவரையும் முதியவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இன்றைய 70 வயதுக்காரர், இன்றைய 30 வயதுக்காரரின் எதிர்காலம் அல்ல. அவர் வேறு பள்ளியில் படித்து, வேறு வீட்டில் வளர்ந்த வேறு தலைமுறை. இதில் மூன்று விளைவுகள் பின்னிக் கிடக்கின்றன: வயது, பிறந்த தலைமுறை, நடக்கும் காலம். சிக்கல் எங்கே என்றால், வயது = கணக்கெடுத்த ஆண்டு − பிறந்த ஆண்டு. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். ஆகவே மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க எந்தப் புள்ளியியல் சூத்திரத்தாலும் முடியாது.

புரிவதற்காக மட்டும் எண் போட்டுக் காட்டுகிறேன். 2000-ல் 30 வயதுக்காரர்களில் 40% நம்பிக்கையாளர்கள், 70 வயதுக்காரர்களில் 70%. "பார், நாற்பது வருஷத்தில் 30 புள்ளி ஏறுகிறது" என்று தோன்றும். 2020-ல் அதே 30 வயதுக்காரர்கள் 50-ஐ எட்டுகிறார்கள், அப்போதும் 40% தான். உடனே "வயதுக்கு ஒரு விளைவும் இல்லை" என்று தறி சொல்வார். அதுவும் அவசரம். வயது அவர்களை 10 புள்ளி ஏற்றியிருக்கலாம்; அந்த இருபது ஆண்டில் நாடே மதத்திலிருந்து விலகியதால் காலம் 10 புள்ளி இறக்கியிருக்கலாம். கூட்டினால் பூஜ்யம்.

தறி, அந்தச் சிலை ஆய்வைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிலைப் படத்தைக் காட்டிய சோதனையில் இருந்தது 57 பேர். 900 பேருக்கு மேல் சேர்த்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. ஆராயும் சிந்தனைக்கும் நம்பிக்கையின்மைக்கும் தொடர்பு சில நாடுகளில் இருக்கிறது. அதுவும் மெல்லிசு, நாட்டுக்கு நாடு மாறுகிறது. "மூளை தளர்ந்ததால் பக்தி" என்று முடிக்க அது தாங்காது.

கீழவீதி

சரி, ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுக்கே வருகிறேன். 1920-களில் பிறந்தவர்களைப் பெர்க்லி பல்கலைக்கழகம் இளமையிலிருந்து முதுமைவரை பின்தொடர்ந்தது. ஈடுபாடு நடுவயதில் கொஞ்சம் சரிந்து, அறுபதுகளுக்குப் பிறகு மீண்டும் ஏறியது. தென் கலிஃபோர்னியாவில் 1971-ல் தொடங்கி, ஒரே குடும்பங்களை முப்பது ஆண்டுக்கு மேல் கவனித்த ஆய்விலும் பணி ஓய்வுக் காலத்தையொட்டி ஏற்றம் தெரிந்தது. இங்கே தலைமுறை வேறு என்ற பேச்சுக்கு இடமில்லை, ஆள் அதே ஆள். இதற்கு என்ன சொல்வீர்கள்?

எண்சுவடி

நல்ல தரவு, மறுக்கவில்லை. ஏற்றம் இருக்கிறது. யாருக்கு ஏறியது என்று பாருங்கள். பெர்க்லியில் வரிசை பெரிதாகக் குலையவில்லை: இளமையில் ஈடுபாட்டோடு இருந்தவரே முதுமையிலும் முன்னே நின்றார். அணைந்த அடுப்பு பற்றிக்கொண்டதைவிட, தணிந்திருந்த அடுப்பு மறுபடி எரிந்ததே அதிகம். 1921-ல் உளவியலாளர் டெர்மன் தொடங்கிய கலிஃபோர்னியக் குழந்தைகள் ஆய்வைப் பின்னாளில் அலசியபோது ஒரே பாதை வரவில்லை, மூன்று வந்தன: நடுவயதுவரை ஏறிப் பிறகு இறங்கியவர்கள், உயரத்தில் தொடங்கி இன்னும் ஏறியவர்கள், தாழ்வில் தொடங்கி மேலும் தாழ்ந்தவர்கள். மூன்றாவது கூட்டம் சின்னதும் அல்ல.

இந்த மாதிரி நெடுந்தொடர் ஆய்வுகளைப் படிக்கும்போது எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் சுற்றில் 1000 பேர், 500 நம்பிக்கையாளர், 500 மற்றவர் என்று வையுங்கள். முப்பது ஆண்டு கழித்து 300 நம்பிக்கையாளரும் 250 மற்றவரும் மிஞ்சுகிறார்கள். ஒருவர்கூட மனம் மாறவில்லை. ஆனாலும் விகிதம் 50-லிருந்து 54.5 ஆகிவிடும். அமெரிக்காவில் இது நிஜமான தொல்லை. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் தேவாலயம் போவோருக்கும் போகவே போகாதவருக்கும் ஆயுளில் சுமார் 7 ஆண்டு வித்தியாசத்தை 1999-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. (நோயாளியால் தேவாலயம் போக முடியாது என்பதும் அதில் கலந்திருக்கிறது.) பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், அங்கே அவர்களுக்கு ஈடுபாடும் அதிகம். எனவே கடைசிச் சுற்றில் மிஞ்சியவரின் பழைய பதிலை மட்டும் எடுத்து, அதே ஆளின் புதிய பதிலோடு வைக்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

ஈரோட்டுத் தறி

சிலை ஆய்வு விஷயத்தில் எண்சுவடி சொன்னது சரி, அந்த வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள் தோழர்களே. அங்கே 1970-ல் இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். 1990-ல் சுவரும் இல்லை, தடையும் இல்லை, தேவாலயக் கதவு திறந்தே கிடக்கிறது. முதுமை தானாகவே கடவுளிடம் கொண்டுபோய் விடும் என்றால் அந்தத் தலைமுறை இந்நேரம் திரும்பியிருக்க வேண்டும். இன்றும் உலகிலேயே கடவுள் நம்பிக்கை மிகக் குறைந்த பகுதிகளில் அது ஒன்று.

பிரிட்டனில் வோஸ், கிராக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் காட்டியதும் இதுதான். பெற்றோர் இருவருக்கும் மத ஈடுபாடு இருந்தால் பிள்ளைக்கு அது போய்ச்சேர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருவருக்கு மட்டும் இருந்தால் அதிலும் பாதி. இருவருக்கும் இல்லையென்றால் பிள்ளைக்கும் பெரும்பாலும் இல்லை. மாற்றம் தலைமுறை மாறும் இடத்தில் நடக்கிறது. ஒரே ஆள் நரைக்கும்போது நடப்பது சொற்பம்.

கீழவீதி

கிழக்கு ஜெர்மனிக்கு ரஷ்யா பதில். பியூ 2014-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: 1991-ல் தன்னை ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் என்று சொன்னவர்கள் 31%, 2008-ல் 72%. எழுபது ஆண்டு நாத்திக அரசு நடத்திய பாடம் பதினேழு ஆண்டில் கரைந்தது.

எண்சுவடி

அதே அறிக்கையில் அடுத்த வரி: மாதம் ஒரு முறையாவது வழிபாட்டுக்குப் போவோர் 2%-லிருந்து 7% மட்டுமே ஆனார்கள். அடையாளம் திரும்பியது, வழிபாடு திரும்பவில்லை. அந்த ஏற்றம் இளைஞர்களிடமும் வந்தது. 17 ஆண்டில் ஒரு நாடே கிழமாகிவிடாது. அது காலத்தின் விளைவு, வயதின் விளைவு அல்ல.

பனையோலை

நம் ஊர் நிலவரத்தில் ஒன்று விட்டுப்போகிறது. இங்கே முதியவரின் "பக்தி" என்று எண்ணப்படுவதில் பெரும்பகுதி பிள்ளைகள் செய்வது. அறுபது முடிந்தால் திருக்கடையூர், எண்பது கடந்தால் சதாபிஷேகம். மாலை பெரியவர் கழுத்தில் விழுகிறது. முடிவெடுத்ததும் பத்திரிகை அடித்ததும் மகனும் மருமகளும். அவர் உட்கார்ந்திருப்பது பிள்ளைகளின் ஆசைக்காக. புகைப்படம் மட்டும் "அப்பாவும் கடைசியில் வந்துவிட்டார்" என்று ஊரெல்லாம் சுற்றும்.

சாவிலும் இதேதான். சடங்கு வேண்டாம் என்று எழுதிவைத்த நாத்திகருக்கு ஏன் கொள்ளிச்சட்டி தூக்கப்படுகிறது? உடல்தானப் படிவத்தில் அவர் கையெழுத்து போட்டிருப்பார், இரண்டு சாட்சியும் இருக்கும். ஆனால் உடலை ஒப்படைக்க வேண்டியது வாரிசுகள். மூத்த மகன் "வேண்டாம்" என்றால் மருத்துவக் கல்லூரி வற்புறுத்தி எடுத்துப்போகாது. படிவம் பீரோவில் கிடக்கும், அது இருப்பதே வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. உடற்கூறாய்வு நடந்த உடலையும், சில தொற்றுநோய் உள்ள உடலையும் உடற்கூறியல் துறை ஏற்காது என்பதால் இரண்டாவது ஏற்பாட்டையும் எழுதிவைக்க வேண்டும்.

கண்தானத்துக்கு நேரம் இன்னும் குறைவு, ஆறு மணி நேரம். இமைகளை மூட வேண்டும். சுத்தமான ஈரப்பஞ்சை மேலே வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், காற்றில் கருவிழி உலர்ந்துவிடும். தலையணை கொடுத்துத் தலையைச் சற்று உயர்த்த வேண்டும். இழவு வீட்டில் நடப்பது நேர் எதிர்: உறவுக்கூட்டம் வருகிறதென்று விசிறியை முழு வேகத்தில் வைப்பார்கள், கண்வங்கிக்குத் தகவல் சொல்லும் யோசனை ஐந்தாவது மணி நேரத்தில்தான் வரும். இதற்கெல்லாம் ஒருவரைப் பெயர்சொல்லி முன்னமே பொறுப்பாக்கி வைக்காவிட்டால் அவருடைய கடைசி விருப்பம் நிறைவேறாது. பிறகு அந்தக் கொள்ளிச்சட்டியையே "திரும்பினார்" என்பதற்குச் சாட்சியாகக் காட்டுவது நியாயமில்லை.

கீழவீதி

பனையோலை சொன்னது நெஞ்சில் பட்டது. விருப்பத்தை எழுதிவைத்தவருக்கு அதை மீறிச் சடங்கு செய்வது அவமதிப்பு, ஆத்திகனாக இருந்தும் சொல்கிறேன்.

ஆனாலும் அந்த மாலையை ஏற்றுக்கொள்ளும் பெரியவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. "கடவுள் இருக்கிறார்" என்ற ஒரு வாக்கியத்துக்கு ஆம், இல்லை போடுவதா நம்பிக்கை? சாமி கும்பிடுவது, விளக்கேற்றுவது, ஊர்த்தேருக்கு வடம் பிடிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் அது. சாவு பக்கத்தில் வரும்போது அந்தச் சேர்க்கை மனிதனுக்குத் தேவைப்படுகிறது.

ஈரோட்டுத் தறி

சாவு நெருங்கினால் நாத்திகரும் அசைவார் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள் ஐயா. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில், 2012-ல் வெளியான ஆய்வு. தங்கள் சாவைப் பற்றி எழுத வைத்த பிறகு வினாத்தாள் கொடுத்தார்கள். நம்பிக்கையாளரின் நம்பிக்கை உறுதியானது, நம்பிக்கையற்றவரின் மறுப்பும் உறுதியானது. உங்களுக்குச் சாதகமான பாதியையும் மறைக்கவில்லை: கடவுள் முதலானவை "கற்பனை" என்று பொத்தானை அழுத்தும் வேகம் நம்பிக்கையற்றவர்களிடம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் சாவை நினைவூட்டும் சோதனை வகையே ஆட்டம் கண்டிருக்கிறது. அதில் பேர்போன ஒன்றை 2022-ல் வெளியான கூட்டு முயற்சியில் பல ஆய்வகங்கள் திரும்பச் செய்தன, விளைவு வரவில்லை.

தேர்வடம் பிடிப்பதை நான் எதிர்க்கவில்லை. வேண்டினால் நோய் குணமாகும் என்று சொல்லும்போது அது சோதனைக்கு உட்பட்ட கூற்றாகிவிடுகிறது. 2006-ல் அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில் இதயத் தமனி மாற்றுவழி (பைபாஸ்) அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்துப் பார்த்த முடிவு வந்தது. தமக்காக ஜெபிக்கிறார்களா என்று தெரியாதவர்களில், ஜெபம் பெற்றோருக்கு 52% சிக்கல், பெறாதவருக்கு 51%. ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்தே இருந்தவருக்கு 59%.

எண்சுவடி

கீழவீதி ஐயா சொன்ன "சேர்க்கை" அளக்க முடியாதது அல்ல. ஒரே கேள்வியில் திணிக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்தியாவில் பியூ எடுத்த 2019–20 கணக்கெடுப்பில் கடவுள் நம்பிக்கை 97%. அந்த ஒரே கேள்வியை வைத்து வயது வித்தியாசம் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கூரையில் முட்டி நிற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஆறு மதங்களுக்குத்தான் குறியீட்டு எண் இருந்தது. நாத்திகர் என்று பதிவானவர் நாடு முழுக்கச் சுமார் 33,000. தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்துக்கே அது போதாத எண் என்றுதான் எனக்குப் படுகிறது; வீட்டுக்கு ஒருவர் பதில் சொல்ல, எல்லோருக்கும் சேர்த்து "இந்து" என்று எழுதிக்கொள்வதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே செய்வதானால் நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: கடவுள் உண்டா, கடந்த 30 நாளில் எத்தனை முறை கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போனீர்கள், தனியாக இருக்கும்போது வேண்டுவீர்களா, சடங்குக்கு முடிவெடுத்தது யார். நம்பிக்கைக் கேள்வி முதலில் வர வேண்டும். சடங்குகளை அடுக்கிவிட்டுக் கடைசியில் "கடவுள் உண்டா?" என்றால் வாய் கூசி "உண்டு" என்பார்கள். போகும் எண்ணிக்கை குறைந்தால் முழங்கால் வலியா, மனம் விலகியதா என்று துணைக்கேள்வி வேண்டும். பேட்டியின்போது மருமகள் காபி கொண்டுவந்து பக்கத்தில் நின்றால் அந்தப் படிவத்தில் குறித்துவைக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து அதே ஆளிடம் அதே சொற்களில் திரும்பக் கேட்க வேண்டும்.

கீழவீதி

ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பதினைந்து வயதில் அவர் வீட்டில் விளக்கேற்றினார்களா? ஏற்றாத வீட்டில் வளர்ந்தவர் அறுபதில் திரும்பினால்தான் என் கூற்று நிற்கும். ஏற்றிய வீட்டிலிருந்து போய்த் திரும்பியவர்களை மட்டும் நான் எண்ணியிருந்தால், தறி சொல்லும் தலைமுறைக் கணக்குக்குள் நானும் வந்துவிடுகிறேன்.