கடலூரில் பேச்சுப் பயிற்சி: பெற்றோர்கள் கொஞ்சம் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். என் மகனுக்கு 7 வயது, ஆட்டிசம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்காக வாரம் இரண்டு முறை பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அழுவான். போய்ச் சேருவதற்குள் களைத்துவிடுகிறான், பாதிப் பயிற்சி அழுகையிலேயே போய்விடுகிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடமும் போச்சு.

பள்ளிகளுக்கு உதவும் அரசின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வருகிறார். அருமையானவர், ஆனால் பல பள்ளிகளை அவர் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. பள்ளி பக்கத்தில் இருந்து, பயிற்சி மட்டும் தூரத்தில் இருந்தால் பிள்ளை எப்படிப் படிப்பான்?

மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம் பக்கம் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில், வள மையத்துக்கு வாரம் சில நாளாவது பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும் என்று மனு கொடுக்கப் போகிறேன். என்னோடு வந்து கையெழுத்துப் போட முடிந்த பெற்றோர்கள் இங்கேயே சொல்லுங்கள். பிள்ளையின் யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) நகல் இருந்தால் எடுத்து வாருங்கள்.