தனுஷ்கோடியில் இப்போது யாராவது குடியிருக்கிறார்களா?

வைகைக்கரை:
அடுத்த மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறோம். யூடியூபில் தனுஷ்கோடி என்று தேடினால் வருவதெல்லாம் "பேய் நகரம்", "ஆளில்லாத ஊர்", பின்னணியில் ஒரு திகில் இசை வேறு. ஆனால் ஒரு வீடியோவில் இடிந்த சர்ச்சுக்குப் பின்னால் ஓலைக் குடிசையும் கொடியில் காயும் துணியும் தெரிகிறது, ஒரு அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறார். அங்கே ஆள் இருக்கிறார்களா இல்லையா? இருந்தால் என்ன தொழில், குடிதண்ணீருக்கு என்ன வழி? அப்புறம் ராத்திரி அங்கேயே தங்க முடியுமா? அப்பாவுக்கு சூரிய உதயம் பார்க்க ஆசை.

பாம்பன்காற்று:
ஏன் இல்லாமல்? என் சின்னம்மா வீடு அங்கேதான். பாலம், கம்பிப்பாடு என்று இரண்டு குக்கிராமங்கள், அந்தப் பக்கம் குடிசைகள் இருக்கின்றன. சாலையை விட்டு மணலில் கொஞ்சம் இறங்கி நடந்தால் தெரியும், சுற்றுலா வண்டிகள் நேராகச் சாலை முடிகிற அரிச்சல்முனைக்குப் போய்விடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

தொழில் கரைவலை. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் ஆட்களிடம் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் போய், அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து, மறு கயிற்றைக் கொஞ்சம் தள்ளிக் கரை சேர்க்கும். அப்புறம் இரண்டு பக்கமும் ஆள் பிரிந்து, இடுப்புக் கயிற்றை வலைக்கயிற்றில் கொளுவி, கடலைப் பார்த்தபடியே பின்னால் நடந்து இழுக்க வேண்டும். மணலில் கால் புதையும். கடைசி ஆள் கயிறு சேரும் இடத்துக்கு வந்ததும் கழற்றிக்கொண்டு ஓடிப்போய் முன்னால் தண்ணீரோரம் மறுபடி கொளுவுவார். இப்படியே மணிக்கணக்காக. மடி (மீன் சேரும் வலைப்பை) கரைக்கு வந்தபிறகுதான் எவ்வளவு மீன் என்று தெரியும், சில நாள் நெத்திலி, சூடை, சாளை என்று கொட்டும், சில நாள் சொறிமீனும் (ஜெல்லி மீன்) குப்பையும்தான். சம்மாட்டி (வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர்) பங்கு போக மிச்சத்தை இழுத்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

தண்ணீர் ஊற்றுத் தண்ணீர்தான். மணலில் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு என்பதால் மேலேயே தங்கிவிடும். பேராசையில் ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். சிரட்டையால் மெல்ல மெல்ல மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அந்த வீடியோ அம்மா அதற்குத்தான் போயிருப்பார்.

மீட்டர்கேஜ்:
யூடியூப்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, 1964 புயலுக்குப் பிறகு வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்ததே அரசாங்கம்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், இறங்கினால் இலங்கையில் இருக்கும் தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். போட் மெயில் என்று தாத்தாக்கள் சொல்வது அதைத்தான். ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில், பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ஊருக்குப் பக்கத்தில் வந்தபோது அலை அடித்து நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு போய்விட்டது, ஒருவரும் தப்பவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்தது, அதை ஸ்ரீதரன் (பின்னால் டெல்லி மெட்ரோ கட்டினாரே, அவர்தான்) 46 நாளில் சரிசெய்தார். ஆனால் தனுஷ்கோடிப் பாதையை மறுபடி போடவே இல்லை.

பாம்பன்காற்று:
@மீட்டர்கேஜ் ரயிலைப் பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்த அறிவிப்பைக் காட்டித்தானே இத்தனை வருடமும் இவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள்? பக்கா வீடு கிடையாது, சோலார் விளக்குதான், பிரசவம் என்றால் ராமேஸ்வரம் ஓட வேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன்னால் மணலிலும் சேற்றிலும் வேன் ஆடி ஆடிப் போகும், அதில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள். சாலை போட்டது டூரிஸ்டுக்கு என்றாலும் இவர்களுக்கும் உபயோகம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். சங்கு, பாசிமணி விற்று, மீன் பொரித்துக் கொடுத்து நாலு காசு பார்க்கிறார்கள். ஆனால் குடியிருக்கிறவன் வாசலில் நின்று "இங்கே யாருமே இல்லை நண்பர்களே" என்று வீடியோ எடுத்தால் எரிச்சல் வருமா வராதா?

உப்புக்காத்து:
@வைகைக்கரை ராத்திரி தங்க முடியாது. சாயங்காலமே போலீஸ்காரர்கள் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள், லாட்ஜும் கிடையாது. ராமேஸ்வரத்தில் ரூம் போட்டுவிட்டு, காலையில் சோதனைச்சாவடியை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று முந்தின நாளே ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரிச்சல்முனையில் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள், இரண்டு கடலும் சேருகிற இடம், இழுப்பு பயங்கரம். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், ஊற்றுத் தண்ணீர் அவர்களுக்கே அளவாகத்தான் இருக்கும்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. தை மாதம் போகிறோம். கரைவலை இழுப்பதைப் பார்க்க முடியுமா? பக்கத்தில் போனால் ஏதாவது சொல்வார்களா?

பாம்பன்காற்று:
தை என்றால் வாடைக்காற்று இன்னும் ஓய்ந்திருக்காது, வடகடல் கலங்கிக் கிடக்கும். அமைதியான கடல் என்று அதற்குப் பெண்கடல் என்று பேர்தான், வாடையில் அதுதான் ஆடும். அதனால் தென்கடல் பக்கம் பாருங்கள், விடியற்காலையிலேயே வலை வளைத்துவிடுவார்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வந்தால் இதற்கு நேர்மாறு. பார்ப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், கூட நின்று ஒரு கை இழுத்தால் சந்தோஷப்படுவார்கள். கயிற்றைத் தாண்டிக் குறுக்கே மட்டும் போகாதீர்கள், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது முறுக்கிக்கொண்டு வரும்போது காலில் பட்டால் சதையைப் பிய்த்துவிடும். மீன் வேண்டுமென்றால் மடி பிரித்தவுடனே கேளுங்கள், வியாபாரி வண்டியில் ஏற்றியபிறகு கேட்டால் விலை வேறு.