கொடுப்பதற்கென்று வீட்டில் சுட்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட்: உங்கள் அனுபவம் என்ன?

நிலாமுற்றம்:
மாவு உருட்டுவது, அச்சு வைத்து வெட்டுவது, ஐசிங் போடுவது எல்லாம் பிள்ளைகள். டப்பாவில் அடுக்குவது மட்டும் மாமியார். கடைசி நேரத்தில் கோணல் நட்சத்திரங்களையும் கை உடைந்த இஞ்சி பிஸ்கட் பொம்மைகளையும் ஒரு தட்டில் ஒதுக்கிவிட்டார். "நாலு பேருக்குக் கொடுப்பது லட்சணமாக இருக்க வேண்டும்" என்றார். என் மகன் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துவிட்டுத் தட்டின் பக்கம் வந்தான். கண்ணில் வைத்த பச்சை ஐசிங் கன்னம் வரை வழிந்திருந்த பொம்மை அவனுடையது. "இது யாருக்கும் இல்லையா?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் மாமியார் டப்பாக்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி?

தெருமுனை:
உங்கள் மாமியார் சொன்னதில் தவறில்லை. ஆனால் அழகை விட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு வீட்டு வாசலில் டப்பாவைக் கொடுத்தோம், அங்கேயே திறந்தார்கள். அந்த வீட்டுப் பையன் கையை உள்ளே விட்டான். அவன் அம்மா மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்துக்கொண்டு, "கொட்டை வகை ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். என் மகள்தான் "மாவில் பாதாம் பொடி இருக்கிறது" என்றாள். பையனின் விரல் நுனியில் சர்க்கரை ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், வாயருகே கொண்டுபோகவே இல்லை. கொட்டை வகை அவனுக்கு ஒவ்வாமை. அந்த வயதில் அவ்வளவு பழகியிருக்கிறான். இப்போது மூடியிலேயே எழுதி ஒட்டுகிறோம்: கோதுமை, பால், முட்டை, பாதாம். பிள்ளைகளின் கையெழுத்தில்தான்.

கோதுமைமணி:
எங்கள் வீட்டில் அடுப்பங்கரைப் பக்கமே வராத அப்பா, கேக் தட்டுக்குக் காகிதம் வெட்டித் தர உட்கார்ந்தார். மில்லிமீட்டர் பிசகவில்லை. தையற்காரர் அல்லவா!

நிலாமுற்றம், கோணலாவதற்குக் காரணம் பிள்ளைகள் அல்ல, வெண்ணெய். மாவு இளகி இருந்தால், ஓவனில் பிஸ்கட் இறுகும் முன்பே வெண்ணெய் உருகி ஓடிவிடும். நட்சத்திரத்தின் முனை மழுங்கும். வெட்டிய பிறகு தட்டோடு அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். கனம் 5 மில்லிமீட்டர் இருக்கட்டும். மெல்லியதாக இருந்தால் பொம்மையின் கைதான் முதலில் உடையும். சூடு ஆறாமல் ஐசிங் போட்டால் வழியத்தான் செய்யும். ஐசிங் ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும். கேக்கையும் மொறுமொறு பிஸ்கட்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். கேக்கின் ஈரத்தை பிஸ்கட் இழுத்து நமத்துப்போகும். பச்சை முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் கலக்கினால் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். பழ கேக்கில் மது ஊற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். ஓவனில் முழுவதும் ஆவியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

மழைக்காலம்:
கோதுமைமணி ஐயா, அவர் கேட்டது வெண்ணெயைப் பற்றி அல்ல. பிள்ளை கேட்ட கேள்வியைப் பற்றி.

நான் வாங்கிக்கொள்ளும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மருத்துவமனையில் இரவுப் பணி. நோயாளி ஒருவரின் பேரப்பிள்ளைகள் செய்தது என்று ஒரு டப்பா வந்தது. வரிசையாக அழகான நட்சத்திரங்கள். ஓரத்தில் ஒன்று மட்டும் தட்டையாக, நடுவில் கட்டைவிரல் பதிந்து இருந்தது. ரேகை உட்பட அப்படியே வெந்திருந்தது. நான் முதலில் எடுத்தது அதைத்தான். மற்றவை கடையிலும் கிடைக்கும். தெருமுனை, "மாமியார் சொன்னதில் தவறில்லை" என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

தெருமுனை:
உடைந்ததைக் கொடுத்தால் மிச்சம் மீதியைத் தள்ளிவிட்டதாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள், சகோதரி. மாமியாருக்கு அந்தப் பயம் இருந்திருக்கும்.

நிலாமுற்றம்:
இரவுப் பணியில் நடந்ததை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "உடைந்தது கூடாது, கோணல் இருக்கலாம்" என்று பாதி தூரம் இறங்கி வந்திருக்கிறார். கோதுமைமணி ஐயா, குளிரவைத்த மாவை உருட்டினால் ஓரம் வெடிக்கிறதே?

கோதுமைமணி:
முதலில் உருட்டுங்கள், பிறகு குளிரவையுங்கள். மாவு மென்மையாக இருக்கும்போதே இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்துத் தேய்த்து, அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளுங்கள். வெளியே எடுத்ததும் அச்சைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.