38 நிமிடப் படம்: விழாவுக்கு அனுப்பலாமா, யூடியூபில் போட்டுவிடலாமா?

பள்ளத்தூர்க்காரன்:
எங்கள் ஐயா கட்டிய வீட்டைப் போன வருடம் இடித்துப் பிரித்தார்கள். பதினொரு புள்ளியும் (வீட்டில் பங்குள்ள கல்யாணமான குடும்பங்களை எங்கள் பக்கம் அப்படித்தான் எண்ணுவோம்) ஒத்துக்கொண்ட பிறகு ஒன்பது நாள்தான் வேலை. இரவல் கேமராவில் அதைப் படம் பிடித்தேன். வளவில், அதாவது வீட்டின் நடுவே தூண்கள் சூழ்ந்த திறந்தவெளியில், இருந்த பர்மாத் தேக்குத் தூண் ஒன்றைக் கயிறு கட்டி இறக்குவது மட்டும் ஒரே ஷாட், நாலு நிமிடம். கயிறு இழுபடும் முனகலும், சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிர்வதும்தான் சத்தம். விவரிப்புக் குரல் கிடையாது. இடையிடையே அப்பத்தா மட்டும் சாமான் எண்ணுகிறார்: "பித்தளை அண்டா மூணு, இட்டலிக் கொப்பரை ரெண்டு..." கடைசியில் அந்தத் தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடை வாசலில் சாய்ந்து நிற்கிறது.

கலைப்பட விழாக்களுக்கு அனுப்பு என்கிறான் நண்பன். கையில் மிச்சம் பதினாலாயிரம். கட்டணத்தைப் பார்த்தால் நாலு விழாவோடு காலி. "யூடியூபில் போடுடா, மலேசியாவில் இருக்கிறவர்களாவது பார்ப்பார்கள்" என்கிறார் அப்பச்சி. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது, ஆனால் மனது கேட்கவில்லை.

எடிட்டிங் மேசை:
யூடியூபில் மட்டும் இப்போதைக்குப் போடாதீர்கள். முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று பார்க்கும் விழாக்கள் உண்டு. பங்காளிகளுக்குக் கடவுச்சொல் போட்ட லிங்க் போதும். அப்புறம், 38 நிமிடம் ஒரு சங்கடமான நீளம். ஆஸ்கர் கணக்கில் 40 வரை குறும்படம்தான், ஆனால் பல விழாக்கள் 30-க்கு மேல் தொடுவதில்லை. முழுநீளப் படத்துக்கும் எட்டாது. கட்டணம் கடைசித் தேதி நெருங்க நெருங்க ஏறும், முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். அதற்கு முன்னால் கட்டணத் தள்ளுபடி கேட்டு நாலு வரி மெயில் போடுங்கள். கூச்சமே வேண்டாம், எனக்கு இரண்டு முறை கிடைத்தது.

காரைக்குடி ஆச்சி மகன்:
தம்பி, ஐரோப்பிய விழாக்களுக்கு அனுப்பும் முன் திருவனந்தபுரத்தைப் பாருங்கள். ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் என்றே அங்கே தனி விழா நடக்கிறது. மும்பையிலும் இரட்டைப்படை வருடங்களில் ஒன்று உண்டு. 1940-களில் ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார் ஸ்டூடியோ போட்ட ஊர் நம்மூர், இன்றைக்கு இந்த மாதிரிப் படம் பார்க்க ஒரு அரங்கு இல்லை, என்னத்தைச் சொல்ல.
சப்டைட்டிலில் கவனம் வையுங்கள். புள்ளியைக் 'குடும்பம்' என்றும் வளவை 'முற்றம்' என்றும் போட்டால் சப்பென்று போய்விடும்.

சூடுபட்ட பூனை:
மாதா மாதம் விருது தரும் ஆன்லைன் 'விழா'க்கள் பக்கம் போகாதீர்கள். ஆறாயிரம் கட்டி மூன்று 'சிறந்த இயக்குநர்' வாங்கினேன். திரையே கிடையாது. போஸ்டரில் ஒட்டிக்கொள்ள, விருதுக்கு அடையாளமாகப் போடும் இலைப்படம் மட்டும் வந்தது.

பள்ளத்தூர்க்காரன்:
நன்றி அண்ணே, எல்லோருக்கும். நேற்று ராத்திரி உட்கார்ந்து வெட்டிப் பார்த்தேன். நண்பன் வம்படியாகச் சேர்க்கச் சொன்ன ட்ரோன் காட்சிகள் போனதும் 31 ஆகிவிட்டது. இன்னும் ஒன்றரை நிமிடம் எடுக்க வேண்டும், தூணைத் தொடமாட்டேன். முதலில் திருவனந்தபுரம், பிறகு தள்ளுபடி மெயில்கள். புள்ளி புள்ளியாகவே இருக்கும்.
அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கொப்பரை ரெண்டு இல்லையாம், மூன்றாம். ஒன்றை யாரோ அமுக்கிவிட்டார்கள் என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்.