ஒரு கேள்விக்கு எவ்வளவு தண்ணி போகுது? ஏஐயும் எங்கட கரண்டும்

உப்புவெளி ரீச்சர்:
திருகோணமலையில எங்கட பள்ளிக்கூடத்துப் பத்தாம் ஆண்டு விஞ்ஞான வகுப்பில ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டா: "ரீச்சர், ஏஐயிட்ட ஒரு கேள்வி கேட்டா அரைப் போத்தல் தண்ணி போகுமாம். நாங்கள் பாவிக்கிறது பிழையோ?" நான் இந்தத் தவணை வினாத்தாள் முழுக்க அதில தயாரிச்சனான். மறுமொழி சொல்ல வாய் வரேல்லை.

வீட்ட வந்து தேடினன். அரை லீற்றர் எண்டது ஒரு கேள்விக்கில்லை. சாட்ஜிபிடிக்கு முந்தின ஜிபிடி-3 எண்ட ஏஐ காலத்தில, 10 தொடக்கம் 50 மறுமொழிக்கு எண்டு கலிபோர்னியாவில ஆராய்ச்சியாளர்கள் கணிச்சது. கூகிள் 2025 ஆகஸ்டில சொன்னது, அவையின்ர ஏஐ ஜெமினியிட்ட சாதாரணமா எழுத்தில கேட்கிற கேள்விக்குக் கரண்ட் 0.24 வாட் மணி, கணினியளைக் குளிராக்கத் தண்ணி அஞ்சு துளி. சீலிங் ஃபான் ஒரு மணித்தியாலம் சுத்திற கரண்டில 300 கேள்வி கேட்கலாம். பிள்ளையளைப் பயப்பிடுத்தத் தேவையில்லை எண்டுதான் நான் நினைக்கிறன்.

சம்பூரான்:
ரீச்சர், அந்த அஞ்சு துளி கொம்பனி தானே சொன்ன கணக்கு. படம், வீடியோ செய்யிறது அதில இல்லை. கரண்ட் உற்பத்தி செய்யிற இடத்தில செலவாகிற தண்ணியும் இல்லை. அதே கூகிளின்ர மொத்தக் கரியமில வெளியேற்றம் 2019க்கும் 2023க்கும் இடையில 48 சதவீதம் கூடினதா அவையின்ர அறிக்கையே சொல்லுது. துளி சின்னன் எண்டா மொத்தம் ஏன் ஏறுது?

2024ல உலகத்து டேட்டா சென்டர், அதுதான் ஏஐயும் இணையமும் ஓடுற பெரிய கணினிக் கூடங்கள், எல்லாம் சேர்ந்து 415 டெராவாட் மணி எடுத்ததாம். சர்வதேச எரிசக்தி முகமையின்ர கணக்கு. இலங்கை ஒரு வருசத்தில உற்பத்தி செய்யிறதின்ர 25 மடங்குக்குக் கிட்ட. 2030ல 945 ஆகுமாம்.

சீனன்குடா சோலார்:
அண்ணை, அந்த 415 ஏஐ மட்டும் இல்லை. வங்கி, யூடியூப், வாட்ஸப், நீங்கள் இப்ப எழுதிற இதுவும் அதுக்குள்ளதான். உலக மின்சாரத்தில 1.5 சதவீதம். அதை விட ஏசி எவ்வளவு தின்னுது!

சம்பூரான்:
உலகத்துக்கு 1.5 தம்பி. அயர்லாந்துக்கு 2023ல 21 சதவீதம். அது உலகம் முழுக்கச் சமமாப் பரவி வராது, ஒரு ஊரில வந்து குந்தும். எங்களுக்கு அது தெரியும். 2006ல சண்டைக்குள்ள சம்பூரில கிணத்தடியில வாளியையும் கயிறையும் அப்பிடியே விட்டிட்டு ஓடின ஆக்கள் நாங்கள். பிறகு அந்தப் பக்கம் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் வரப்போகுது எண்டினம். சனம் விடாமல் எதிர்த்தது, 2016ல கைவிட்டினம். கொழும்புக்கு வெளிச்சம், எங்களுக்குச் சாம்பல் எண்டு அண்டைக்குக் கதைச்சது எனக்கு இன்னும் மறக்கேல்லை. இண்டைக்கு ஆருக்கோ படம் கீறிக் குடுக்க ஆற்ற ஊரில சாம்பல் விழுகுது எண்டுதான் நான் கேக்கிறன்.

சீனன்குடா சோலார்:
அந்த வலி விளங்குது அண்ணை. ஆனா மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. 2025 சித்திரை வருசப்பிறப்புக்கு, பாவனை குறைஞ்சு போச்செண்டு பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிப்பாட்டச் சொல்லி மின்சார சபை கேட்டது. நான் பூட்டின வீடுகளுக்கு நானே போன் எடுத்துச் சொன்னனான். அண்டைக்கு அப்பிடி வெயில்! கொட்டுண்டு போற அந்தக் கரண்டை வாங்க ஒரு டேட்டா சென்டர் இஞ்ச வந்தா என்ன? எங்கட பொடியள் கொழும்புக்கு ஓடாமல் ஊரில வேலை செய்வாங்கள்.

சம்பூரான்:
டேட்டா சென்டர் இரவில படுக்காது தம்பி. இரவில சோலார் இல்லை, நுரைச்சோலை மின் நிலையத்தில நிலக்கரியும் எரியோணும். குளிராக்கத் தண்ணி? எங்கட குழாயில வாறது கந்தளாய்க் குளத்துத் தண்ணி. வயலும் அதே குளத்தைத்தான் நம்பியிருக்கு. சோலாருக்கும் காணி வேணும். முத்துநகர் விவசாயிகள் 2025ல வந்து போராடினது எதுக்கு?

சீனன்குடா சோலார்:
முத்துநகர் பிழை. விளையிற வயலில சோலார்த் தட்டு நடக் கூடாது, கூரையள் எவ்வளவு கிடக்கு! இரவுக்குப் பற்றரி இருக்கு, விலையும் விழுந்து கொண்டு வருது. ஆனா உங்கட கேள்விக்கு டேட்டா சென்டரே வேண்டாம் எண்டது மறுமொழி இல்லை.

போன் திருத்திற தம்பி:
நடுவில வாறன், குறை நினையாதேங்கோ. எல்லாரும் கரண்டையும் தண்ணியையும் கதைக்கிறியள். என்ர மேசைக்குக் கீழ ஒரு தகரப் பேணி, மணல் போட்டு வச்சிருக்கிறன். அதுக்குள்ள ஊதின பற்றரியள். அப்பளம் மாதிரி உப்பி, வெள்ளித் தாள் வெடிக்கிற பதத்தில நிக்கும். கிட்டப் போனா நெயில் பொலிஷ் மாதிரி இனிச்ச மணம். இதை எங்க குடுக்கிறதெண்டு எனக்கு இண்டைக்கும் ஒரு வழி தெரியாது. கடற்கரைக் குப்பையில போட மனம் இல்லை.

மூதூர்ப் பக்கத்து மீன்பிடிக்காரர் ஒருவர் நாலு வருசப் போனைக் கொண்டு வந்தார். திரை நல்லம், பற்றரி நல்லம், ஆனா அவர் கடலில காத்தின்ர போக்குப் பாக்கிற ஆப் இனி அதில ஓடாதாம். புதுசு வாங்கு எண்டுது. இப்ப எல்லாப் புதுப் போன் பெட்டியிலயும் ஏஐ எண்டு அடிச்சு விக்கினம். 2022ல உலகத்தில 6.2 கோடி தொன் மின்கழிவு, ஒழுங்காச் சேர்த்தது 22.3 சதவீதம்தான். மிச்சம் என்ர பேணி மாதிரி எங்கயோ கிடக்கு.

உப்புவெளி ரீச்சர்:
தம்பி, இதை நான் யோசிக்கவே இல்லை. பயப்பிடுத்தத் தேவையில்லை எண்டு மேல எழுதினதை அப்பிடியே வச்சிருக்கேலாது போல. கணக்கைக் காட்டிறன், அவையே சொல்லட்டும். வெள்ளிக்கிழமைக்கு வீட்டு மீற்றர் வாசிப்பை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறன். சம்பூர் அண்ணை, ஒரு நாள் வந்து அந்த நிலக்கரிக் கதையைப் பிள்ளையளுக்குச் சொல்லுவியளோ? தம்பி, அந்தப் பேணியையும் ஒருக்காக் காட்டலாமோ?

சம்பூரான்:
வாறன் ரீச்சர். சோலார்த் தம்பியும் வரட்டும், அவருக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லி முடிக்கேல்லை.

போன் திருத்திற தம்பி:
பேணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரமாட்டன் ரீச்சர், பஸ்ஸில ஒண்டு குத்துப்பட்டாலும் நெருப்புப் பத்தும். பிள்ளையளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அஞ்சு பேருக்கு மேல ஒரேயடியா நிக்க இடமில்லை.